செலவை ஏற்பவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஆரத்தி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அன்பர் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவர். மனைவி, மகள், மகன் என்று சிறிய குடும்பம். "சுவாமிஜி, பிள்ளைகள் அந்தமானைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, படிப்புச் செலவு இருக்கிறது. இந்த நிலையில் உல்லாசப் பயணம் போவது தவறா?" என்று கேட்டார்.

'ராமேஸ்வரம் போய் வாருங்களேன், அதுவும் தீவுதானே!' என்ற பதில்தான் முதலில் என் நாவுக்கு வந்தது. நல்லவேளையாக அதைச் சொல்லவில்லை. அவர் கேட்டது எங்கே போகலாம் என்பதை அன்று. எளிய குடும்பத்திற்கு மகிழ்ச்சிக்காகச் செலவு செய்யும் உரிமை உண்டா என்பதே அவரது கேள்வி.

நமது சாஸ்திரங்கள் இல்லறத்தாருக்கு அந்த உரிமையை மறுக்கவில்லை. தர்மம், அர்த்தம், காமம், மோட்சம் என்னும் நான்கு புருஷார்த்தங்களுள் பொருளும் இன்பமும் இடம்பெறுகின்றன. அவை தர்மத்தின் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆனால் அந்த வரம்பை எங்கே காண்பது? தொகையின் அளவிலா? பத்தாயிரம் ரூபாய் வரை தர்மம், அதற்குமேல் அதர்மம் என்று யாரும் கோடு போட முடியாது.

அவரது கேள்வியின் மறுபாதி சற்று நேரம் கழித்தே வெளிவந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. நான்கு ஆண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பில் சொந்த ஊருக்குச் செல்லும் ஒரு பயணத்திற்குப் பதிலாக அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் செல்லலாம். விமானப் பயணத்திற்குத் தகுதி இல்லாத கீழ்நிலை ஊழியர்களும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களிலிருந்து விமானத்தில் செல்ல விதி தளர்த்தப்பட்டிருந்தது. 2024இல் இத்தளர்வு 2026 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அரசு தருவது போக்குவரத்துக் கட்டணம் மட்டுமே. தங்கும் அறை, உணவு, தீவுக்குள் சுற்றும் செலவு ஆகியவை அவரவர் பொறுப்பு. குறைந்த சம்பளக்காரருக்கு இடறுவது அந்த இடத்தில்தான்.

அங்கேதான் ஒரு முகவர் அவருக்கு வழி சொல்லியிருக்கிறார். விமானக் கட்டணத்தைக் கூட்டிக் காட்டி ரசீது தருவார்களாம். அந்த அதிகப்படித் தொகையில் ஐந்து நாள் அறை, சாப்பாடு, படகு எல்லாம் 'இலவசம்'. "எல்லோரும் செய்வதுதான் சார்" என்றாராம். அந்த முகவரின் கற்பனை ஒன்றும் புதிதன்று. இத்தகைய ஏமாற்றுகளால்தான் பயணச்சீட்டை எங்கெங்கே வாங்கலாம் என்பதற்கு அரசு மேன்மேலும் கடுமையான விதிகளை வகுக்க நேர்ந்தது.

'இலவசம்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை என்பதையே அது சொல்கிறது. வேறு யார் கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. செலவே இல்லாத பயணம் என்று ஒன்று இவ்வுலகில் இல்லை. நம் பையிலிருந்து போகாத பணம் வேறு யாருடைய பையிலிருந்தோ போகிறது. ஆகவே 'எவ்வளவு செலவு?' என்பதைவிட, 'அந்தச் செலவை ஏற்பவர் யார்? அவர் தெரிந்து, மனமுவந்து ஏற்கிறாரா?' என்பதே தர்மம் சார்ந்த கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

தத்துவ மாணவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம். பொய் ரசீதில் போகும் சில ஆயிரங்களை நாட்டு மக்கள் அனைவருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு பைசாகூட வராது; யாருமே உணராத இழப்பு எப்படித் தீங்காகும்? வலுவான வாதம்தான். ஆனால் பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தனுள் ஒன்றாக அஸ்தேயத்தை வைத்தபோது, இழந்தவருக்கு வலித்ததா என்பதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. அஸ்தேயம் எடுப்பவனின் மனத்தைப் பற்றியது. மேலும், 'யாருமே உணராத' என்பதும் முழு உண்மையன்று. ரசீதில் ஒரு தொகை, உண்மையில் ஒரு தொகை என்பதை வீட்டில் கணக்குப் படிக்கும் பெண் பார்க்கத்தானே செய்வாள்?

அன்பர் அந்த முகவரை விட்டுவிட்டார். அடுத்து அவர் நினைத்தது கடன். இக்காலத்தில் பயணத்திற்கென்றே கடன் தருகிறார்கள். நாங்கள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறுபதாயிரம் ரூபாயை 14 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 2,880 ரூபாய். வட்டி மட்டும் 9,100 ரூபாயைத் தாண்டுகிறது. மாதம் 2,500 ரூபாய் சேர்த்தால் அதே இரண்டு ஆண்டுகளில் அறுபதாயிரம் கையில் இருக்கும். கடனில் செலவை ஏற்பவர் அந்நியர் அல்லர்; வருங்காலத்தில் அதே வீட்டில் வாழப்போகும் அதே மனிதர்கள்தாம். ஆனால் அவர்களிடம் சம்மதம் கேட்க இயலாது. அவர்களுக்கு நோய் வரலாம், வேறு அவசரம் வரலாம். மருத்துவத்திற்கோ கல்விக்கோ வாங்கும் கடனை நான் இத்துடன் சேர்க்கவில்லை. காத்திருக்கக்கூடிய இன்பத்திற்காக, காத்திருக்காமல் வாங்கும் கடனைப் பற்றியே சொல்கிறேன்.

உறவினர் வீட்டில் தங்குவது இன்னொரு வழி. அந்தமானில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஆகவே நம்மவர்களுக்கு அங்கே யாராவது அகப்பட்டுவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், குடிநீருக்குப் பெரிதும் தானிகாரி அணையையே நம்பியிருக்கிறது. கோடையில் அணை வற்றினால் சில நாள்களுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். அத்தகைய மாதத்தில் நால்வர் விருந்தாகப் போய் இறங்கி, கடலில் குளித்த உப்பைக் கழுவ இரண்டு வேளை நீராடினால், நமது 'சிக்கனத்தின்' விலையை அந்த வீட்டுப் பெண்மணி குடம் குடமாகக் கொடுக்கிறார். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். போகவே கூடாது என்பதில்லை. மாதம் பார்த்துப் போகலாம், வீட்டுச் செலவில் பங்கேற்கலாம், முன்கூட்டியே மனம்விட்டுக் கேட்கலாம்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றும் யோசித்தேன். ஒரு துறவியின் பயணச் செலவை எப்போதும் வேறு யாரோதான் ஏற்கிறார்கள். அதனாலேயே இக்கேள்வி என்னை மற்றவர்களைவிட நெருக்கமாகத் தொடுகிறது.

அந்தமானுக்குக் கட்டணம் செலுத்தாமலே கொண்டு செல்லப்பட்டவர்களும் உண்டு. 1858இல் அங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறை, ஏழு சிறகுகளும் ஏறத்தாழ 700 தனியறைகளும் கொண்டதாக இருந்தது. இன்று மூன்று சிறகுகளே எஞ்சியுள்ளன. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத் போன்றோர் அங்கே அடைபட்டனர். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெயைக் கையால் செக்காட்டி எடுக்க வேண்டும் என்ற கட்டளை கைதிகளுக்கு இருந்தது. இன்று அந்த முற்றத்தில் நம் பிள்ளைகள் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடியாடுகிறார்கள். அந்தச் செலவை ஏற்றவர்கள் தெரிந்தே, மனமுவந்தே ஏற்றார்கள். சிறையைப் பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம். ஆனால் பொய் ரசீதில் வந்த தந்தைக்கு அதைச் சொல்ல நா எழுமா என்று தெரியவில்லை.

அன்பர் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார்கள். மாதாமாதம் சேர்வதை மகள் எழுதுவாள். ஓராண்டு கழித்துக் குடும்பத்துடன் ஆசிரமத்திற்கு வந்தபோது அதைப் பெருமையுடன் காட்டினாள். எதிர்பார்த்ததைவிட அதிகம் சேர்ந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். அன்பர் மனைவியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதங்கள் ஆகியிருந்தனவாம். அந்தப் பணத்தை யாரிடமும் சொல்லாமல் உண்டியலில் போட்டிருக்கிறார். முகவரையும் கடனையும் உறவினரையும் பற்றி அவ்வளவு பேசிய எனக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவரும் மனமுவந்துதான் கொடுத்தார்; ஆனால் மற்ற மூவருக்கும் தெரியாது. அன்றே கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். பயணம் சில மாதங்கள் தள்ளிப்போயிற்று.

கடலைக் காணாமல் தீவுக்குப் போவதா என்று பிள்ளைகள் கேட்டதால், போகும்போது சென்னையிலிருந்து கப்பலிலும் திரும்பும்போது விமானத்திலும் சென்று வந்தார்கள். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். தீவுகளுக்கிடையே விரைவுப் படகை விடுத்து அரசுப் படகில் பயணம் செய்தார்கள். வந்தபின் அந்த அம்மையாரிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். முதல் இரண்டு நாள் தலைசுற்றலில் படுக்கையைவிட்டு எழவே இல்லையாம். மூன்றாம் நாள் காலை மேல்தளத்திற்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தண்ணீருக்குமேல் கூட்டமாகப் பறந்துபோன மீன்களைப் பிள்ளைகளுக்கு முன்பே தான்தான் பார்த்ததாகச் சொன்னார்.