மெட்டி இறுகும் முன்

உடம்பில் நீர் கூடினால் உடம்பு அதை உடனே சொல்வதில்லை. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது என்றால், அதற்குள் இரண்டரை, மூன்று லிட்டர் நீர் திசுக்களில் கோத்துவிட்டது என்று பொருள். திருநாவலூர்ப் பக்கத்தில் இதயம் தளர்ந்தவர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். "மெட்டி இறுகுது." "செருப்புக்குள்ள கால் நுழையல." "படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உக்காந்தாத்தான் தேவலாம்." மூன்றும் சரியான அடையாளங்கள். மூன்றுமே பிந்தி வருபவை.

*

"எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?" இதய மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. படுக்கும்போது கால்களில் தங்கியிருந்த நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே இரவு கழிகிறது.

கார்டியோமெம்ஸ் என்ற கருவியின் வாசிப்பானும் ஒரு தலையணைக்குள்தான் இருக்கிறது. தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, நுரையீரல் தமனியின் கிளையொன்றில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள உணரியைப் பொருத்துகிறார்கள். இரு முனைகளிலும் உள்ள மெல்லிய கம்பி வளையங்கள் அதை அங்கேயே நிறுத்துகின்றன. அதற்குள் பேட்டரி கிடையாது. ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும்தான். இரத்த அழுத்தம் மாறினால் மின்தேக்கித் தகடுகளின் இடைவெளி மாறும். அதற்கேற்ப அதிர்வெண் மாறும். நோயாளி காலையில் அந்தத் தலையணையில் படுத்தால், அதிலுள்ள ஆன்டெனா ஒரு நிமிடத்துக்குள் அந்த அதிர்வெண்ணைப் படித்து, அழுத்தத்தை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 மே மாதம் இதற்கு அனுமதி தந்தது.

*

தமனியில் அழுத்தம் ஏறத் தொடங்குவது மூச்சு முட்டுவதற்குப் பல நாள் முன்னால். சிலருக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால். அந்த நாட்களில் நோயாளி நன்றாகத்தான் இருப்பார். கெடில ஆற்றங்கரை வரை நடந்து திரும்பியிருப்பார், சந்தைக்குப் போயிருப்பார். அப்போது ஒரு போன் வரும்: நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நன்றாக இருக்கும் நாளில் எதற்கு மாத்திரை? எனக்கு வந்தாலும் நான் இதைத்தான் கேட்பேன்.

*

திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்கும் நல்ல நாளில்தான் ஓலை வந்தது. பெரியபுராணம் சொல்லும் கதையில், புத்தூர் மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்கிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை எடுத்து, பாட்டனின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே வழக்கு தீர்ந்தது.

அந்த ஒப்பிடும் வேலையில் என் மனம் தங்குகிறது. ஒரு காலையின் அழுத்த எண் தனியாக அதிகம் பேசாது. அதே மனிதரின் நேற்றைய எண்ணோடு, போன வாரத்து எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது சாட்சியாகிறது. வைத்துப் பார்க்க ஓர் அவை வேண்டும்.

*

2011-இல் லான்செட் இதழில் வெளியான சாம்பியன் ஆய்வில் 550 நோயாளிகள். அத்தனை பேருக்கும் அதே உணரி. அத்தனை பேரும் தினமும் தலையணையில் படுத்து எண்ணை அனுப்பினார்கள். 270 பேரின் எண்களை மருத்துவர்கள் பார்த்து மருந்தை மாற்றினார்கள். மற்ற 280 பேரின் எண்கள் வந்து சேர்ந்தன, மருத்துவர்களுக்குக் காட்டப்படவில்லை. ஆறு மாதத்தில், பார்க்கப்பட்டவர்கள் இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்ந்தது 28 சதவீதம் குறைவு. பிறகு அந்த 280 பேரில் எஞ்சியவர்களின் எண்களையும் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் குறைந்தது.

*

அதே 2011-இல் இன்னோர் ஆய்வு. நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். ஆகவே நெஞ்சில் நீர் கூடினால் மின்தடை குறையும். பொருத்தப்பட்ட இதயக் கருவி அதை அளந்து, எல்லை தாண்டினால் நோயாளிக்கே கேட்கும்படி ஒலி எழுப்பும். 335 பேர் பங்கெடுத்தார்கள். ஒலி கேட்டவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை, கூடியது. மருத்துவரைத் தேடிப் போன தடவைகளும் கூடின.

நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? முன்கூட்டித் தெரிவது மட்டும் போதாது. யாரிடம், எந்த வடிவில் தெரிகிறது என்பதிலும் மருந்து இருக்கிறது.

*

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் நீர்க் கணக்கை நன்றாக அறிவார்கள். டயாலிசிஸ் படுக்கைக்குப் போகுமுன் எடை மேடை. போன முறைக்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எத்தனை சொம்பு குடித்தோம் என்று வாய் சொல்வதை நர்ஸ் கேட்டுக்கொள்வார். முள் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்.

இதயத் தளர்ச்சிக்காரர்களுக்கும் தினசரி எடையைத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்: மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் தெரிவியுங்கள். உணரி அளவுக்கு முந்தி வரும் செய்தி அல்ல இது. ஆனால் மெட்டிக்கு முந்தியது.

*

கார்டியோமெம்ஸ் வந்தபோது அதன் விலை 17,000 டாலருக்கு மேல். கெடிலக் கரைக்கு அது எப்போது வரும் என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் கேள்வி வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில், ரத்த அழுத்தம் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் பணியாளர்கள் வாசலுக்கே வருகிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் வீடு வந்து சேர்கின்றன. கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாசலுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும்: எடை இரண்டு கிலோ ஏறியதைக் கேட்டு, பழைய குறிப்போடு ஒப்பிட்டு, "இன்னைக்கே மாத்திரையைக் கூட்டிக்கங்கம்மா" என்று அன்றைக்கே சொல்லும் பொறுப்புள்ள ஒருவர்.

அப்படி ஒருவர் இல்லாத ஊரில், எவ்வளவு நுட்பமான உணரியைப் பொருத்தினாலும், நோயாளி அந்த 280 பேரோடுதான் சேர்வார்.