படியேறியவளின் பெயர்

எங்கள் வீட்டில் பொறுமைக்கு ஒரே உதாரணம் அம்மாச்சி. தாத்தா பக்கத்து ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மாச்சி நான்கு பிள்ளைகளோடு ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தபோதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தபோது அம்மா அதையே என்னிடம் சொன்னாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் தூரத்து உறவுப் பாட்டி ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கோர்ட் படியேறினவ பேத்தியாச்சே நீ" என்றாள். அந்தக் குரலில் இளக்காரம் இருந்தது, கொஞ்சம் மரியாதையும் இருந்தது. எதிர் வரிசையில் இருந்த சித்தியைப் பார்த்தேன். சித்தி பாயசத்துக்குக் காத்திருக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனாள்.

அம்மாச்சியின் வழக்கை நான் தேடத் தொடங்கியது அப்படித்தான். தேடத் தொடங்கிய பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. ஒரு பெண் கடைசிவரை யாரிடமும் சொல்லாத வழக்கைத் தோண்டிப் படிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பழைய வழக்கைத் தேடுகிறவருக்கு எந்தக் கோர்ட், எந்த வகை வழக்கு, எந்த ஆண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். ஜீவனாம்சம் பணம் சம்பந்தப்பட்டதாயிற்றே என்று நான் முதலில் முன்சீப் கோர்ட்டில் அலைந்தேன். ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் திருத்தினார். கைவிடப்பட்ட மனைவி ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. இன்றைய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125. அம்மாச்சி காலத்தில் நடப்பிலிருந்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488. எனவே நான் பார்க்க வேண்டியது மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பதிவேடுகளை.

புதிய வழக்கென்றால் வேலை எளிது. இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, தரப்பினர் பெயரில் மூன்று எழுத்தும் வழக்குப் பதிவான ஆண்டும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். 16 இலக்க சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் நேராக அந்த வழக்குக்கே போய்விடலாம். ஒரு சிக்கல் உண்டு. பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ழகரமும் ளகரமும் குறிலும் நெடிலும் ஆங்கிலத்தில் குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறும். ஒரே பெண் மூன்று கோர்ட்டில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பாள்.

அம்மாச்சி காலத்து வழக்குக்கு இணையம் உதவாது. கோர்ட் வளாகத்தின் பதிவறைக்குத்தான் போக வேண்டும். வழக்கின் தரப்பினர் நகல் மனு போட்டுக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் கிடைக்கும். தரப்பில் இல்லாதவர், எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தில் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீதிமன்ற ஆவண நகலுக்கு நீதிமன்றத்தின் விதிகள் வழியாகத்தான் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. என் மனுவை எழுதிக்கொடுத்த வக்கீல் அம்மா, "ஆராய்ச்சின்னு போடாதீங்க மேடம், வாரிசுன்னு போடுங்க" என்றார். அம்மாச்சி எனக்கு விட்டுப்போனது ஒரு பித்தளைச் சொம்பு. அதன் பேரில் நான் வாரிசானேன்.

பல வாய்தாக்களுக்குப் பிறகு ஒரு பதிவேட்டின் ஒரு வரி மட்டும் கிடைத்தது. 1961ஆம் ஆண்டு. மனுதாரர் பெயர், 'இன்னாரின் மனைவி' என்ற அடையாளம், பிரிவு 488, கேட்ட தொகை மாதம் பதினைந்து ரூபாய். முடிவு: சமாதானம், மனு தள்ளுபடி. கடைசிக் கட்டத்தில் வேறு மையில், கட்டு அழிக்கப்பட்டது என்ற குறிப்பு.

கோர்ட் கட்டுகளை எத்தனை காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதற்கு விதிகள் உண்டு. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம் அந்த விதிகளுக்கு அதிகாரம் தருகிறது. எல்லாக் காகிதத்தையும் வைத்துக்கொள்ள எந்தக் கட்டடத்திலும் இடமில்லை, அது புரிகிறது. ஆனால் எதை நெடுநாள் காப்பது என்று முடிவு செய்யும்போது, நிலத்தின் மீதான தீர்ப்பு ஒரு தட்டில் ஏறுகிறது, சோற்றுக்காகப் போட்ட மனு இன்னொரு தட்டில். தாத்தாவின் பங்காளிகள் வரப்புக்காகப் போட்ட வழக்கின் தீர்ப்பு இன்றும் கிடைக்கிறது. அம்மாச்சி மாஜிஸ்திரேட் முன் நின்று என்ன சொன்னாள் என்பது கிடைக்கவில்லை. அவள் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாகவும் இருந்தது. அம்மாச்சி பொறுமைசாலி இல்லை. அவள் கேட்டிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் பஸ் ஏறிப் போய், வக்கீல் பிடித்து, கைநாட்டு வைத்திருக்கிறாள். எங்கள் மூன்று தலைமுறைப் பெண்களின் வாயை அடைத்த கதை பொய் என்று அந்தப் பதிவேடு சொல்லிற்று. திறந்த ஆவணத்தின் பயன் இதுதான் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சை ஒரு முதுகலை மாணவி நிறுத்தினாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்தாள். அவள் அக்காவுக்கு ஒரு வரன் வந்து, பூ வைக்கும் நாள்வரை குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ கைபேசியில் பெண்ணின் அம்மா பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அவர் போட்ட ஜீவனாம்ச வழக்கு வந்திருக்கிறது. "கோர்ட் படியேறின குடும்பத்துல சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். "உங்க அம்மாச்சி பேரு பதிவேட்டுல இருந்ததால நீங்க சந்தோஷப்படறீங்க மேம். எங்க அம்மா பேரு இல்லாம இருந்திருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

அவள் சொன்ன இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வழக்கில் வந்த உத்தரவின் நகல் அவள் அம்மாவிடம் இல்லை. வக்கீலிடம் இருந்தது, அவரும் இறந்துவிட்டார். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் ஒரு நிமிடத்தில் அந்த வழக்கைப் பார்த்துவிட்டது. வழக்குப் போட்டவள் கையில் ஒரு தாளும் இல்லை.

1961ஆம் ஆண்டின் ஒரு வரியைப் பார்க்க நான் காரணம் எழுதி, சத்தியம் செய்து, அனுமதிக்காகக் காத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரை யாரும் காரணம் கேட்கவில்லை. திரையில் தெரியும் கோணல் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் போதும். கோர்ட் என்ன செய்தது என்று கேட்பவருக்குக் கதவு ஒருக்களித்துத் திறக்கிறது. கோர்ட்டுக்கு யார் போனாள் என்று கேட்பவருக்கு விரியத் திறந்திருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் மூடிவிடச் சொல்ல முடியுமா? 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்புணர்வுக்கு ஆளானாள். உயர் நீதிமன்றம் இரு காவலர்களைத் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்பதெல்லாம் சம்மதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. உபேந்திர பக்சி, வசுதா தகம்வர், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் அந்தத் தீர்ப்பை வரிவரியாகப் படித்து, 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. தீர்ப்பு பூட்டிக் கிடந்திருந்தால் அந்த மடல் இல்லை.

அதே 1983ஆம் ஆண்டுத் திருத்தம்தான், வன்புணர்வுக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. படித்துப் பார்த்ததால் பிறந்த சட்டமே பெயரை மூடவும் செய்தது. இதில் முரண் இல்லை. தீர்ப்பைக் கண்காணிக்க அவள் பெயர் தேவைப்படவில்லை. ஆனாலும் சட்ட வகுப்புகளில் அந்த வழக்கை இன்றும் அவள் பெயரால்தான் சொல்கிறோம். விடுவிக்கப்பட்ட காவலர்களின் பெயர் நம் நினைவில் இல்லை.

பெயரை மூடுவது எப்போதும் பெண்ணுக்குத்தான் காவல் என்றும் சொல்ல மாட்டேன். குற்ற வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021இல் ஒற்றை நீதிபதி மறுத்தார். 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. விடுதலையானவருக்கும் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் பெயரை அழிக்கும் வசதி வந்துவிட்டால் அதை முதலில் பயன்படுத்துவது வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் உள்ளவர்கள்தான். அம்மாச்சிகள் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்பார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அகத்திணைப் பாடல்களில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது இலக்கணம். புறத்தில் மன்னனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, போர் உண்டு. அகத்தில் தலைவி, தோழி, செவிலி மட்டுமே. பெண்ணின் பெயரை மறைத்துவிட்டார்களே என்று மாணவியாக இருந்தபோது கோபப்பட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. பெயர் இல்லாததால் அவள் சொன்னது எல்லாம் மிஞ்சியிருக்கிறது. அவளைத் தேடிப் போய் யாரும் இழிவுபடுத்த முடியாது. அவள் துயரத்தை எவரும் படிக்கலாம். கோர்ட் பதிவேடு இதற்கு நேர்மாறாக, அம்மாச்சியின் பேச்சை எரித்துவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டது.

எனவே ஆவணம் திறந்திருக்கலாமா, மூடியிருக்கலாமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். படிக்கிறவர் யாரைக் கேள்வி கேட்கிறார் என்று பார்க்கிறேன். நீதிபதி எந்தக் காரணத்தால் தள்ளுபடி செய்தார், எத்தனை வாய்தா கொடுத்தார், சமாதானம் என்று எழுதியபோது பதினைந்து ரூபாய்க்கு வழி சொன்னாரா என்று கேட்பவருக்கு எல்லாம் திறக்கட்டும். ஜீவனாம்சம் கேட்டவளின் பெயரைப் போட்டுத் தேடும் பெட்டி ஊருக்கெல்லாம் தேவையில்லை. அது அவளுக்கும் எதிர்த்தரப்புக்கும் அவர்களின் வக்கீலுக்கும் போதும்.

என் மாணவிகளிடம் இப்போது இரண்டு காரியங்கள் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது வழக்கு நடந்திருந்தால் உத்தரவின் நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். ஜீவனாம்ச உத்தரவின் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் 24ஆம் பிரிவு அப்படியே சொல்கிறது. வக்கீல் வைக்க வழியில்லையென்றால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்ற ஒரு தகுதியே போதும், வருமானச் சான்று வேண்டாம். இரண்டாவது, அடுத்த பெண்ணின் பெயரை அந்தத் தளத்தில் போட்டுத் தேடாதீர்கள். இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவியின் அம்மாவை நானே ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனேன். நகல் வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை, நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான் செய்ததும் மாப்பிள்ளை வீட்டார் செய்ததும் ஒன்றா என்ற கேள்வி முழுதாகத் தீரவில்லை. அம்மாச்சியைக் கேட்க முடியாது. அதனால் பதிவேட்டு வரியின் நகலை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். "அவளே சொல்லாததை நீ எதுக்குடி ஊருக்குச் சொல்லணும்?" என்றாள் சித்தி. நான் பதில் சொல்லவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எழுதிக்கோ. பேரு போடாதே" என்றாள்.

அடுப்படிக்குப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள். "நாலு பிள்ளைக்குப் பதினஞ்சா கேட்டா? இருபது கேட்டிருக்கலாம்."