குழந்தையின் நட்பாராய்ச்சி

நட்பைக் குறித்துத் திருவள்ளுவர் ஐந்து அதிகாரங்கள் வகுத்தார்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. இவற்றுள் மூன்று எச்சரிக்கைக்கென்றே அமைந்தவை. ஆராயாது கொண்ட நட்பு கேட்டில் முடியும் என்பது அவர் துணிபு. நாமும் ஒப்புகிறோம். நான்கு வயதுக் குழந்தைதான் ஒப்புவதில்லை.

புக்கிட் செந்தோசாவில் வெயில் தாழ்ந்தபின் விளையாட்டுத் திடலொன்றில் சற்று நின்று நோக்குக. ஒரு சிறுவன் உதைத்த பந்து, அறிமுகமில்லாத மற்றொருவன் காலடியில் போய் நிற்கிறது. அவன் அதை எடுத்துக் கொடுப்பதில்லை, திருப்பி உதைக்கிறான். அவ்வளவே, சிநேகம் பிறந்துவிட்டது. ஒருவன் தமிழன், மற்றவன் மலாய்க்காரன். சிறிது நேரத்தில் சீனச் சிறுமியொருத்தியும் சேர்கிறாள். நாலைந்து மலாய்ச் சொற்கள் மூவருக்கும் போதுமாயிருக்கின்றன. இருட்டும் வேளையில் தாய் வந்து, "யாரப்பா அது?" என்று வினவுகிறாள். "என் கூட்டாளி" என்பது விடை. "பேரென்ன?" என்றாலோ, "தெரியாதும்மா!"

அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அம்மையார் 1932-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இளங்குழந்தைகள் முதலில் அருகருகே இருந்து தனித்தனியே விளையாடுகின்றன என்றும், வயது ஏற ஏறக் கூடி விளையாடுகின்றன என்றும் காட்டினார். ஆகவே அருகிலிருத்தலே தொடக்கம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் காணாமலே நட்புப் பூண்டனர் என்று பெருமை கொள்கிறோம். குழந்தையின் வழி அதற்கு நேர்மாறு, கண்டாற் போதும்.

இஃது அறியாமை என்று தள்ளுவாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பொம்மையைப் பிடுங்குபவனையும், முறை தவறி ஊஞ்சலேறுபவனையும் குழந்தை உடனே விலக்கிவிடுகிறது. எனவே அதுவும் ஆராயத்தான் செய்கிறது. எதை ஆராய்கிறது என்பதே வேறுபாடு. வள்ளுவர் ஆராயச் சொன்னவற்றுள் குணமும் உண்டு, குடிப்பிறப்பும் உண்டு, சுற்றமும் உண்டு. குழந்தை குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது. வள்ளுவரோடு மாறுபட நமக்குத் தயக்கமுண்டு, அதற்கில்லை.

விட்டுவிட்ட அவ்விரண்டையும் அதன் கையில் திணிப்பவர் பெரியோரே. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவிட்ட செய்தி, 1924, 1925-ம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே கலக்கியது. தனி உணவு கேட்டவர் அப்பிள்ளைகளல்லர், பெற்றோர்! மலாயாவிலும் பல தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய்மார் தம் மக்களை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். அங்கே ஏணைகள் அடுத்தடுத்துத் தொங்கின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டுமென 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சிறு பள்ளிகளிலும் அவர்கள் ஒருங்கே அமர்ந்து அகரம் எழுதினர். மாலையில் லயத்துக்குத் திரும்பியபின், எவர் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எவர் வீட்டில் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது எந்த வாத்தியார்?

எளிதில் கொண்டது எளிதில் மறையும் என்னும் தடை ஒன்றுண்டு. உண்மையே. வட சிலாங்கூர்த் தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது வெளியேறிய குடும்பங்கள் பல, 1990-ம் ஆண்டுகளில் எழுந்த இந்நகரில் குடியேறின. அவற்றின் பிள்ளைகள் இரண்டு நாள் அழுதிருப்பர். மூன்றாம் நாள் புதுக் கூட்டாளி கிடைத்திருப்பான். பெரியோர்க்கு அது கூடவில்லை. முப்பதாண்டுக் கலியாணத்தையும் சாவையும் பகிர்ந்துகொண்ட அண்டை வீட்டார்க்கு ஈடாக எவரைக் கொள்வது? வள்ளுவர் பழைமை என்று தனி அதிகாரம் வைத்தது இதற்காகத்தான் போலும். குழந்தைக்கு இப்பொருள் விளங்காது. அதைக் குறை கூறவும் இயலாது.

எனினும் இரும்புக் கதவுக்குள் அமர்ந்து, "எங்கள் தோட்டத்தைப் போல வருமா?" என்று பத்தாண்டுகளைக் கழிக்கும் தாத்தாக்களை நாம் அறிவோம். மூன்று வீடு தள்ளியிருப்பவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. பேரனுக்கும் தெரியாதுதான், ஆனால் அந்த வீட்டுப் பூனை குட்டி போட்டது அவனுக்குத் தெரியும். குட்டியைப் பார்க்கப் போன பேரனை அழைத்துவரத் தாத்தா போகிறார். வாசலில் நிற்பவரிடம் வேறு வழியின்றி, "ஐயாவுக்கு எந்தத் தோட்டம்?" என்று தொடங்குகிறார்.