நந்தா விளக்கும் நாள்தோறும் இசைவும்: உடைமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவர் அப்பொருளுக்கு உடையவர் ஆகிறார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கையாகும். விலை கைமாறிய அளவில் விற்றவருக்கு அப்பொருளின் மீதிருந்த ஆட்சி முடிந்துவிடுகிறது. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு வாங்கிச் சென்றவர், அதனைக் குழம்பில் இடும் ஒவ்வொரு நாளும் வணிகரிடம் இசைவு கேட்டதில்லை. கடை மூடப்பட்டாலும் வாங்கிய மிளகு காரம் இழப்பதில்லை.

கணினி வழியாக இயங்கும் பொருள்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இந்நம்பிக்கை ஆட்டம் கண்டுள்ளது. வாங்கியவர் கையில் பொருள் இருக்கிறது. ஆயினும் அது இயங்குவதற்கு விற்றவரின் இசைவு தொலைவிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது. இந்நிலை முறையானதா என்னும் வினாவைத் தத்துவ அறிஞர்களுக்கு முன்பே உரத்து எழுப்பியவர்கள் கணினி விளையாட்டாளர்கள் ஆவர். அவர்களது விவாதத்தை முன்னிறுத்தி, மட்டாஞ்சேரியில் பாதுகாக்கப்பட்டுவரும் செப்பேடும் சோழர் கால விளக்குக் கொடைகளும் அவ்வினாவின் மீது பாய்ச்சும் ஒளியை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

விவாதத்தின் வரலாறு

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடப் பயன்படும் கருவி கேம் கன்சோல் எனப்படும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் கருவியை 2013 மே 21 அன்று அறிமுகம் செய்தது. அடுத்த மாதம் அந்நிறுவனம் வெளியிட்ட விதிகளின்படி, அக்கருவி 24 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் இணையத்தின் வழியே நிறுவனத்தின் வழங்கிக் கணினியைத் தொடர்புகொள்ள வேண்டும். தொடர்பு கிட்டாவிடில், ஒருவர் தனியே ஆடும் விளையாட்டும் நின்றுவிடும். விளையாட்டு வட்டுகளை இரவல் கொடுப்பதற்கும் மறுவிற்பனை செய்வதற்கும் வரம்புகள் விதிக்கப்பட்டன.

விளையாட்டாளர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். இணையம் மின்சாரத்தைப் போல எங்கும் பரவிவிட்டது என்றும், திருட்டுப் படிகளைத் தடுக்க இது தேவை என்றும் ஓரணியினர் வாதிட்டனர். இத்திட்டத்தில் பயன்களும் இல்லாமல் இல்லை. வட்டினைச் செருகாமலே எந்த இடத்திலும் தம் விளையாட்டுகளைப் பெறவும், குடும்பத்தார் பதின்மர் வரை பகிர்ந்துகொள்ளவும் நிறுவனம் வழி வகுத்திருந்தது. மறு அணியினரோ இணையம் எட்டாத ஊர்களையும், கப்பல்களிலும் படை முகாம்களிலும் வாழ்வோரையும் சுட்டிக்காட்டினர். நிறுவனம் வழங்கிகளை நிறுத்திவிடும் நாளில் தம் கையிலுள்ள பொருள் என்னவாகும் என்னும் அவர்களது வினாவே அனைத்திலும் ஆழமானது. இணையத் தொடர்பு இல்லாதோருக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் கூறிய விடை எதிர்ப்பை மேலும் வளர்த்தது. போட்டி நிறுவனமான சோனி, தனது பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு இத்தகைய சோதனை இராது என அதே மாதம் அறிவித்தது. 2013 ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் தன் விதியைத் திரும்பப் பெற்றது.

கருவியைப் பொறுத்தவரை விவாதம் அத்துடன் அடங்கியது. விளையாட்டுகளைப் பொறுத்தவரை அடங்கவில்லை. 2013 மார்ச்சில் வெளியான சிம்சிட்டி என்னும் நகர் அமைப்பு விளையாட்டு இடையறாத இணைய இணைப்பைக் கோரியது. வழங்கிகள் நெரிசலைத் தாங்காமையால், பணம் கொடுத்து வாங்கியோர் பலர் முதல் நாள்களில் ஆட இயலாது தவித்தனர். இணைப்பின்றி ஆடும் வசதி ஓராண்டு கழித்தே, 2014 மார்ச்சில், தரப்பட்டது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி குரூ என்னும் வாகன ஓட்ட விளையாட்டின் வழங்கிகள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. அன்று முதல், வட்டை வாங்கிப் பேணி வைத்திருந்தோருக்கும் அது பயன்படாப் பொருளாயிற்று. இதன் விளைவாக ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுந்த குடிமக்கள் முன்முயற்சி மனு, 2025 ஜூலையில் காலம் முடிவதற்குள் 10 இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது.

இணைப்பு: உரிமையும் கட்டளையும்

இணையம் எங்கும் உள்ளது என்னும் முற்கோள் முதலில் ஆராயத்தக்கது. இவ்வகையில் கேரளம் தக்க சான்றாகும். கல்லூரி விடுதியில் கைப்பேசிப் பயன்பாட்டிற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றும் அந்தரங்க உரிமையின் பகுதி என்றும் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஏழைக் குடும்பங்கள் 20 இலட்சத்திற்கு இலவச இணைப்பு வழங்குதல் என்னும் இலக்குடன் கே-போன் என்னும் அரசு இழைவலைத் திட்டம் 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டது.

இத்தகைய மாநிலத்திலும் 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல பகுதிகளில் அறுந்தன. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் அரசு ஆணையால் நிறுத்தப்பட்ட அதிவேகக் கைப்பேசி இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாக மீண்டது. இயற்கையாலோ ஆட்சியாலோ இணைப்பு அறுபடக்கூடும் என்பது கண்கூடு.

எனினும் இவ்விவாதத்தை இணைப்பின் பரவல் பற்றியதாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஒவ்வொரு வீட்டிற்கும் அறாத இணைப்பு வந்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் வினா எஞ்சி நிற்கும். இணைப்பைப் பெறுதல் குடிமகனின் உரிமை. இணைந்தே இருத்தல் வேண்டும் என்பது வணிகரின் கட்டளை. வீட்டிற்கு வாயில் வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்பதனால், வாயிலை எந்நேரமும் திறந்தே வைக்குமாறு பிறர் என்னைப் பணிக்க இயலாது. ஆகவே சிக்கலின் வேர் இணையத்தில் இல்லை; உடைமை என்னும் கருத்தில் உள்ளது.

உடைமை, ஒற்றி, இசைவு

பொருளின் மீது மனிதருக்கு உள்ள உறவுகளைத் தமிழ் நுட்பமாக வேறுபடுத்தியுள்ளது. விலை, ஒற்றி, குத்தகை, வாடகை, இரவல் என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவிலான உரிமையைக் குறிப்பன. ஒற்றிக்குக் கொண்டவர் நிலத்தை உழுது பயன் துய்க்கலாம். ஆனால் அதனை விற்க இயலாது. இரவல் பெற்றவர் கேட்டபோது திருப்பித் தர வேண்டும். விலைக்குக் கொண்டவரோ விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை உடையவர். நில விற்பனை பற்றிய கல்வெட்டுகளில் இவ்வுரிமை 'விற்றொற்றிப் பரிக்கிரயம்' என்னும் தொடரால் வெளிப்படையாகச் சொல்லப்படுவது ஈண்டு நோக்கத்தக்கது.

இவற்றுள் எதுவும் தன்னளவில் இழிந்தது அன்று. வாடகை வீட்டில் வாழ்வோர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். வாடகை என்று அறிந்தே குடி புகுகின்றனர். இணையம் வழி இயங்கும் பொருள்களில் நேர்வது வேறு. கடையில் 'வாங்குக' என்னும் சொல் இருக்கிறது. ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தில் 'உரிமம் மட்டுமே' என்னும் சொல் இருக்கிறது. விலைக்குரிய பணம் பெறப்படுகிறது. இரவலுக்குரிய உரிமை தரப்படுகிறது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிய பதிப்புரிமை இல்லாத ஒருவரால் தன் தளத்தில் விற்கப்பட்ட ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை, வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆயினும் புத்தகக் கடைக்காரர் வாசகரின் வீட்டு அலமாரியைத் திறந்து நூலை எடுத்துச் செல்லக்கூடும் என்பதை உலகம் அன்றுதான் உணர்ந்தது.

திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளுடன் முடிப்பதும், பட்டினப்பாலை மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைப் போற்றுவதும் தமிழ் மரபில் வாணிக அறம் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். குறைத்துக் கொடுத்தல் எடையில் மட்டும் நிகழ்வதன்று, சொல்லிலும் நிகழும். கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள சட்டம், திரும்பப் பெறத்தக்க உரிமத்தை அவ்வுண்மையைத் தெளிவுபடுத்தாமல் விற்பனை என்னும் சொல்லால் குறிப்பதைத் தடை செய்கிறது. இது சொல்லின் நேர்மையை வேண்டும் சட்டமாகும்.

மட்டாஞ்சேரிச் செப்பேடு

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தில் சேரப் பெருமாள் பாஸ்கர ரவியின் செப்பேடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சார்ந்த இச்செப்பேடு வட்டெழுத்திலும், வடசொற்களுக்குக் கிரந்த எழுத்திலும் பொறிக்கப்பட்டது. முயிரிக்கோட்டிலிருந்த மன்னர், யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கியதை அது கூறுகிறது. பகல் விளக்கு, குடை, பல்லக்கு, பறை, தோரணம் முதலியன அவ்வுரிமைகளுள் சில. உலகும் திங்களும் உள்ளளவும் அவை வழிவழியாகச் செல்லும் என்பது கொடையின் வாசகம். வேணாடு முதலிய நாடுகளை ஆண்டோர் சான்றாளராக நின்றனர்.

இக்கொடை விற்பனை அன்று. அரசர் அளித்த சிறப்புரிமை. ஆயினும் அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. உரிமைக்குச் சான்றான ஏடு, கொடுத்தவரின் அரண்மனையில் அன்றி, பெற்றவரின் கையில் வைக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் சேரப் பெருமாள்களின் ஆட்சி மறைந்தது. செப்பேடோ, பெற்றவரின் வழிவந்த சமூகத்தாரிடம் நின்றது. கொடுத்தவர் இல்லாத காலத்திலும் கொடை பேச வேண்டும் என்பதற்காகவே மெழுகிலும் ஓலையிலும் எழுதாமல் செம்பில் பொறித்தனர்.

இன்றைய உரிமமோ இதற்கு நேர்மாறான அமைப்புடையது. உரிமைக்குச் சான்றான பதிவு, கொடுத்தவரின் வழங்கியில் இருக்கிறது. பெற்றவர் 24 மணி நேரத்திற்கு ஒருமுறை அங்குச் சென்று தன்னை மெய்ப்பிக்க வேண்டும். கொடுத்தவர் மறைந்தால் உரிமையும் மறையும். யோசேப்பு ரப்பான் தம் பகல் விளக்கை ஏற்றும் முன் ஒவ்வொரு நாளும் முயிரிக்கோட்டிற்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று இருந்திருப்பின், அதனைக் கொடை என்று எவரும் கருதியிருக்க மாட்டார்.

நந்தா விளக்கும் சாவா மூவாப் பேராடும்

வழங்கிகளை என்றென்றும் இயக்கப் பொருள் வேண்டும். எந்த நிறுவனமும் அதனைத் தாங்க இயலாது என்பது நிறுவனத்தார் கூறும் வலுவான மறுப்பாகும். இம்மறுப்பிற்கு விடை காணச் சோழர் கால விளக்குக் கொடைகள் துணைபுரிகின்றன.

கோயிலில் அணையாது எரிய வேண்டிய நந்தா விளக்கை ஏற்படுத்தியவர், விளக்கை மட்டும் கொடுத்து அமைந்துவிடவில்லை. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளையும் உடன் அளித்தார். இடையர் அவற்றை ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க உடன்பட்டனர். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்தமையால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. பொறுப்பேற்றவர் யார் என்பதும் அளவு எவ்வளவு என்பதும் கல்லில் வெட்டப்பட்டன. அணையாத ஒன்றை வேண்டுபவர் அதற்குரிய முதலையும் வைத்தல் வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை.

விளையாட்டாளர் எவரும் நந்தா விளக்கைக் கேட்கவில்லை. தனியே ஆடும் விளையாட்டிற்கு இடையறாத இணைப்பைக் கட்டாயமாக்கியவர் நிறுவனத்தாரே. அணையா விளக்கின்றித் திறவாத கதவை அமைத்துவிட்டு, எண்ணெய்க்குச் செலவாகிறது என்று விளக்கை அணைத்தால், உள்ளே இருக்கும் பொருளை வாங்கியவர் என் செய்வார்? எனவே நிறுவனத்தார்முன் அறமுடைய வழிகள் மூன்று உள்ளன: இணைப்பின்றியும் இயங்குமாறு பொருளை அமைத்தல், எத்தனை ஆண்டுகள் இணைப்புத் தரப்படும் என்பதை விற்கும்போதே கூறி, அதனை வாடகை என்றே அழைத்தல், விளக்கை நிறுத்தும் நாளில் கதவின் திறவுகோலை வாங்கியவரிடம் ஒப்படைத்தல். சிம்சிட்டி பின்னர் இணைப்பின்றி இயங்கியது, முதல் வழி இயலாதது அன்று என்பதற்குச் சான்றாகும். பலர் ஒருங்கே கூடி ஆடும் விளையாட்டுகள் இயல்பிலேயே வழங்கியை வேண்டுவன. அவற்றிற்கு இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் பொருந்தும்.

'விளையாட்டுதானே' என்னும் கருத்து

இவை பொழுதுபோக்கைப் பற்றிய பூசல்கள் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இவ்வமைப்பு விளையாட்டோடு நிற்பதன்று. பல்கலைக்கழக நூலகங்கள் மின்னிதழ்களுக்குச் சந்தா செலுத்துகின்றன. ஒப்பந்தத்தில் தனியே காக்கப்படாவிடில், சந்தா நின்ற அன்று, பணம் செலுத்திய ஆண்டுகளின் இதழ்களும் கைவிட்டுப் போகக்கூடும். அச்சிதழுக்குச் சந்தா நின்றபோது பழைய இதழ்கள் அடுக்கிலேயே இருந்தன.

தமிழாய்வாளர் இதனை எளிதில் உணர்வர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இயன்றது, அந்நூலின் ஏடுகள் பல இல்லங்களிலும் மடங்களிலும் தனித்தனியே இருந்தமையால்தான். அவற்றை வைத்திருந்தோர் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுக்கவும் தடை இருக்கவில்லை. ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் பிழைத்தது. எல்லாப் படிகளும் ஒரே களஞ்சியத்தின் இசைவைச் சார்ந்திருப்பின், அக்களஞ்சியம் மூடப்பட்ட நாளே நூலின் இறுதி நாளாகியிருக்கும். விளையாட்டும் இக்காலத்தின் கதையும் ஓவியமும் இசையும் கலந்த ஒரு படைப்பே. அதனைப் பிற்காலத்தார் ஆராய விரும்பினால், அப்போது அது இயங்குதல் வேண்டும்.

முடிவுரை

இடையறாத இணைய இணைப்பு பற்றிய விளையாட்டாளர் விவாதம், தொழில்நுட்ப வசதி பற்றியது என்பதினும் உடைமையின் பொருள் பற்றியது என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. உரிமத்தை விற்பனை என அழைத்தல் சொல்லில் குறைத்துக் கொடுத்தலாகும். உரிமைக்குச் சான்று பெற்றவரின் கையில் இருத்தல் வேண்டும் என்பதை மட்டாஞ்சேரிச் செப்பேடு உணர்த்துகிறது. அணையா இணைப்பைக் கட்டாயமாக்குபவரே அதன் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும் என்பதை நந்தா விளக்குக் கொடைகள் உணர்த்துகின்றன. கருவிகளும் நூல்களும் மருத்துவச் சாதனங்களும் தொலைவிலுள்ள இசைவைச் சார்ந்து இயங்கத் தொடங்கியுள்ள இக்காலத்தில், விலைக்கு வாங்கினோம் என்று சொல்லும்போது வாங்கியது எது என்பதைக் கேட்டறிதல் நுகர்வோரின் கடமையாகும். மறையாமல் கூறுதல் விற்போரின் கடமையாகும்.