நாலு பேரின் தோள்



ஊரில் ஒருவர் இறந்தால் பாடை கட்டுவதும் அதைச் சுமப்பதும் உறவினர், அயலவரின் கடமையாக இருந்தன. "நாலு பேர் வேண்டும்" என்று பெரியோர் சொல்வதும் அதனையே. இலண்டனில் அந்த நாலு பேரும் பெரும்பாலும் நாம் அறியாதவர்கள். வைத்தியசாலையில் பூதவுடலைப் பொறுப்பேற்பது முதல் தகனசாலையில் இறக்குவது வரை பியூனரல் டைரக்டரின் ஊழியர்களே செய்கின்றார்கள். பணம் செலுத்தியதும் எமது கடமை முடிந்துவிடுகின்றதா?

மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். இங்கிலாந்தில் பிரேதபரிசோதனை நடைபெறும் இடங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பியூனரல் டைரக்டராகத் தொழில் நடத்த அப்படி எதுவும் தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் ஹல் நகரில் ஒரு நிறுவனத்திலிருந்து பொலிசார் 35 உடல்களை எடுத்துச் சென்றபோதுதான் பலர் இதனை அறிந்தார்கள். ஸ்கொட்லாந்தில் 2025 மார்ச் முதல் சட்டபூர்வமான நடைமுறைக்கோவை ஒன்று உண்டு. இங்கிலாந்துக்கும் சட்டக் கட்டுப்பாடு வேண்டுமென 2025 ஜூலையில் ஒரு விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது.

"துக்க வீட்டில் கேள்வி கேட்பது அழகா?" என்பர் சிலர். உயிருள்ளவர் தமக்குக் குறை நேர்ந்தால் வாய் திறந்து சொல்வார். இறந்தவரால் அது முடியாது. ஆகவே அவருக்காகக் கேட்பது உரியவர்களின் கடமையே.

கேட்கவேண்டியவை சிலவே. உடல் எங்கே, எத்தனை நாள் குளிரறையில் வைக்கப்படும்? பெயர்ப்பட்டி பெட்டியில் மட்டுமன்றி உடலிலும் கட்டப்பட்டுள்ளதா? வாகனத்தில் ஸ்ரெச்சர் அசையாது பூட்டப்படுமா? மாடிவீட்டின் ஒடுங்கிய படிகளில் இறக்க எத்தனை பேர் வருவார்கள்? தாயகத்துக்கு அனுப்புவதானால் நாகத்தகடு பதித்து மூடிய பெட்டி உண்டா? மரணவிசாரணை அதிகாரிக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா?

சுமப்பவரையும் நாம் மறத்தலாகாது. ஆபத்தான பாரத்தை ஊழியர் தூக்கவேண்டிய நிலையை இயன்றவரை தவிர்க்குமாறு 1992ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் முதலாளியைப் பணிக்கின்றன. பூதவுடலின் பருமனை முன்பே சொல்லிவிட்டால் ஆட்களும் தூக்கும் கருவியும் ஆயத்தமாக வரும். பிள்ளைகள் தாமே பெட்டியைச் சுமக்க விரும்பினால், பாரத்தை அறிந்து, ஊழியர் காட்டும் முறைப்படி தூக்கட்டும். சடங்கின் நடுவில் பெட்டி சரிந்தால் அது எல்லோருக்கும் ஆறாத வேதனை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுடலைத் தொழில் செய்தவர்களை எமது சமூகம் ஊரில் தள்ளியே வைத்திருந்தது. இறந்தவருக்கு மரியாதை செய்தோம். அவரைத் தொட்டவருக்குச் செய்யவில்லை. இந்நாட்டில் எம் பெற்றோரைத் தொட்டுத் தூக்குபவர் அந்நியர். அவருக்குப் பாதுகாப்பும் பயிற்சியும் உண்டா என விசாரிப்பதும், வாசலில் ஒரு நன்றி சொல்வதும் இறுதிக்கிரியைக்குப் புறம்பானவை அல்ல.

தோள் கொடுக்கும் வேலை பிறர் கைக்குப் போய்விட்டது. அது ஒழுங்காக நடைபெறுகின்றதா என்று பார்க்கும் பொறுப்பு எம்மிடமே உள்ளது. இவற்றை வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே பேசி, எழுதி வைப்போமாக.