பெற்ற சிறுநீரகம் யாருடையது?



வேறொருவருடைய சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்தவர்கள் இன்று அபூர்வமல்ல. இந்தியாவில் அச்சிகிச்சை முதன்முதலாய் வெற்றி கண்டது நமக்கு அருகேயுள்ள வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேதான். அது 1971-ம் ஆண்டு. தாய் மகனுக்கும், மனைவி கணவனுக்கும் தன் சரீரத்தில் ஒன்றைக் கொடுக்கிறாள். (நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். ஆண்கள் கவனிப்பார்களாக.)

கொடுத்த பின் அது யாருடையது? "என் உடம்பு, என் இஷ்டம்" என்று பெற்றவன் சொல்லலாமா?

கடனானால் கொடுத்தவர் கணக்குக் கேட்கலாம். இதுவோ தானம். பிரதிபலன் கருதாமல் தன் சரீரத்தின் ஒரு பாகத்தைக் கொடுப்பதிலேதான் இதன் மேன்மை இருக்கிறதென்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ம் ஆண்டில் உரோமையில் கூடிய வைத்தியர்களுக்கு எடுத்துரைத்தார். ஆகவே அது பெற்றவனுடையதே. கொடுத்தவள் அதைச் சொல்லிக்காட்டி அவனை ஆட்டிவைக்கலாகாது. ஆனால் வேறெவரும் கணக்குக் கேட்க முடியாததால், அவன் மனச்சாட்சியே கேட்க வேண்டியதாகிறது.

அந்தக் கணக்கு பெரும்பாலும் அடுப்படியிலும் மாத்திரை டப்பாவிலும் இருக்கிறது. எத்தனை வருஷமானாலும் சரீரம் அந்தச் சிறுநீரகத்தைத் தன்னுடையதென்று ஒப்புக்கொள்வதில்லை. மருந்துதான் அந்தப் பகையை அடக்கி வைக்கிறது. "நன்றாய்த்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தினால், வலியோ காய்ச்சலோ இல்லாமலே அது தாக்கப்படலாம். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருப்பதைக் கண்டபிறகே தெரியவரும். முதல் வருஷம் பயந்து நடந்தவர்கள் ஐந்தாம் வருஷம் அசட்டையாவதுதான் பெரிய ஆபத்து.

அம்மருந்துகள் நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். ஆகையால் காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, தெருவில் நறுக்கி வைத்த பழம் ஆகாது. பம்பளிமாஸ் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டும். மூட்டுவலிக்குத் தாமாகவே வாங்கும் வலி மாத்திரையையும், வைத்தியரைக் கேளாமல் சாப்பிடும் நாட்டு மருந்தையும் விலக்க வேண்டும். புகையிலையைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், சர்க்கரையையும் ஏற்றும். பல மாதம் பத்தியமிருந்தவருக்கு நாக்கு கேட்கத்தான் செய்யும். நடப்பது நல்லது. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் முடிந்த மட்டும் காலையில் நடக்கட்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட வேண்டாம்.

தபசு காலத்தில் ஒருசந்தி இருக்கத்தான் வேண்டுமோ என்று இவர்களில் பக்தியுள்ளவர் கலங்குவதுண்டு. வேண்டாம். ஒருசந்திக் கட்டளை வியாதியஸ்தரை அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை. நன்மை வாங்குமுன் இருக்கும் உபவாசத்தையும் தண்ணீரோ மருந்தோ முறிக்காது. 1953-ல் தண்ணீருக்கும் 1957-ல் மருந்துக்கும் பன்னிரண்டாம் பத்திநாதர் தந்த சலுகை இன்று திருச்சபைச் சட்டமாகவே இருக்கிறது. பூசைக்காக மாத்திரை வேளையைத் தள்ளிப்போடுவது புண்ணியமல்ல.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "கலியாணத்தில் ஒருநாள் சாப்பிட்டால் என்ன?" என்று இலையில் வற்புறுத்திப் பரிமாறுவது உபசாரமல்ல. அவருக்கு மட்டும் உப்பில்லாமல் சமைத்து ஒதுக்காமல், வீடே உப்பைக் குறைத்தால் எல்லாருக்கும் நல்லது.

இவ்வளவு கவனித்தும் சிறுநீரகம் பழுதாகலாம். 1954-ல் அமெரிக்காவிலுள்ள போஸ்டன் நகரில், ஒரே உருவான இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். உலகில் முதன்முதல் வெற்றியடைந்த சிகிச்சை அதுவே. பெற்றவர் எட்டு வருஷம் வாழ்ந்தார். பிறகு பழைய வியாதியே புதுச் சிறுநீரகத்தையும் பற்றியது. அதில் அவர் குற்றம் என்ன? ஆகையால், மறுபடியும் டயாலிசிஸுக்குத் திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் "என்ன தின்றாய்?" என்று கேளாதிருங்கள். கொடுத்த தாயும் அந்தக் கட்டிலருகேதான் உட்கார்ந்திருப்பாள்.