பயனில்லாத கவசம்

வீட்டிலேயே ஒரு கவசம் செய்ய வேண்டுமென்றால் முதலில் உடம்பைப் படியெடுக்க வேண்டும். பழைய டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரங்களை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் சுற்றி, அதற்கும் மேலே அகலமான ஒட்டுநாடாவை வரிவரியாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒட்டி முடித்ததும் பேனாவால் நடுக்கோடும் தோள்கோடும் பக்கக்கோடும் வரைந்து, கோட்டின் வழியே கத்தரித்து உரித்தால் ஒரு சட்டை போலக் கையோடு வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டித் தரையில் விரித்தால் அதுதான் கவசத்துக்கான பேட்டர்ன். இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. கைகளை அகட்டி நிற்க ஒருத்தி வேண்டும், சுற்றிவந்து ஒட்ட இன்னொருத்தி வேண்டும்.

நம்மில் பெரும்பாலான பெண்களுக்குத் தம் மார்பளவும் தோளளவும் எண்ணாகத் தெரியாது. அளவு ஜாக்கெட்டுக்குத்தான் தெரியும். அதைத் தையற்கடையில் கொடுத்து, ‘கை மட்டும் அரை இஞ்ச் லூஸ் வைங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். நம் உடம்பை எண்ணாக்கி எழுதிக்கொள்கிறவர்கள் வேறு ஆட்கள்: பெண் பார்க்க வருகிறவர்கள் உயரம் கேட்பார்கள், பிரசவ வார்டில் எடை குறிப்பார்கள். தன் உடம்பின் முழுப் படிவத்தைத் தனக்காக, தான் விரும்பிய ஒரு காரியத்துக்காக எடுத்துக்கொள்கிற பெண்ணை நான் முதலில் பார்த்தது எர்ணாவூரில்தான்.

என்னிடம் படித்த மாணவி அவள். வீட்டு மாடியில் வைத்து அவள் செய்துகொண்டிருந்தது சாமுஸ் ஆரன் என்ற கதாபாத்திரத்தின் கவசம். நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் ஜப்பானில் வெளியிட்ட மெட்ராய்டு என்ற வீடியோ கேமின் நாயகி அவர். இரண்டு பெரிய உருண்டைகள் போலத் தோளணி, தலையை முழுக்க மூடும் ஹெல்மெட், வலது கையில் பீரங்கிக் குழாய். ஆட்டம் முழுக்க உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆட்டத்தோடு வந்த ஆங்கிலக் கையேடு அவரை ஆண் என்றே எழுதியது. கடைசியில், விரைந்து முடித்த ஆட்டக்காரருக்கு மட்டும் கவசம் கழன்று உள்ளே ஒரு பெண் தெரிவார். இன்னும் குறைந்த நேரத்தில் முடித்தால் இன்னும் குறைந்த உடையில் தெரிவார்.

இந்த ஏற்பாட்டை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிறவிக் கவசத்தை உடம்பிலிருந்து அறுத்துக் கர்ணன் கொடுத்தபோது அது அவனுடைய கொடையாக நின்றது. சாமுஸின் கவசம் கழலும்போது அது விளையாடியவனுக்குக் கிடைக்கும் பரிசாகிவிடுகிறது. பெண் வீரர் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. என் மாணவியிடம் இதைச் சொன்னபோது, “அதான் மேடம், நான் கழட்டாத சாமுஸ்” என்றாள்.

செய்முறைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் சிந்தனை நடப்பதே கையில்தான். பொருள் ஈவிஏ நுரைத்தகடு. குழந்தைகள் தவழ்வதற்காக ஒன்றோடொன்று கோத்து விரிக்கிற பஸில் பாய் இருக்கிறதே, அதுதான். நெஞ்சுக்கும் முதுகுக்கும் 10 மி.மீ. கனம், மடங்க வேண்டிய இடங்களுக்கு 6 மி.மீ., மேலே ஓட்டும் பட்டைகளுக்கு 2 மி.மீ. கத்தி மழுங்கினால் நுரை பிய்ந்துகொண்டு வரும். அதனால் கத்தியைத் தீட்டுவதிலேயே பாதி நேரம் போகும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடுகாட்டினால் தகடு இளகும். இளகியதை முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்தால் ஆறியபின் அந்த வளைவு நிற்கும். ஒட்டுவதற்கு மஞ்சளான ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது.

ஹவாய்ச் செருப்புகளில் பலவற்றின் அடிப்பாகம் இதே ஈவிஏதான். பசையும் செருப்புத் தைக்கிறவர் பயன்படுத்துகிற பசைதான். தலித்துகள் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று விதித்த நாட்டில், செருப்பின் பொருள் ஒரு பெண்ணின் நெஞ்சிலும் தோளிலும் ஏறி நின்று பளபளக்கிறது. அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. எனக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தட்டையான தகட்டை உருண்டையாக்குவதில்தான் அவள் சிக்கிக்கொண்டாள். சாமுஸின் தோளணி கிட்டத்தட்ட ஒரு கோளம். யூடியூப்பில் வெளிநாட்டு ஆண்கள் கணினியில் படிவம் போட்டு அச்சடித்து ஒட்டுகிறார்கள். அவள் அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். மகளின் தடுமாற்றத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டு, “டாட் புடிக்க வேண்டியதுதானடி, இதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு?” என்று சாக்கட்டியால் முக்கோணங்கள் போட்டுக் கொடுத்தார். கட்டோரி ஜாக்கெட் வெட்டுகிற கணக்குத்தான். முக்கோணத்தை வெட்டியெடுத்து விளிம்புகளைச் சேர்த்தால் தகடு தானாகக் குவியும். அதே கணக்கை ஆண் செய்தால் வடிவமைப்பு, அம்மா செய்தால் தையல். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு எதிர்கால மனிதனின் உடையில் வந்து பெயர் பெற்றவர் ஃபாரஸ்ட் அக்கர்மன். அந்த உடையைத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். தானும் ஒன்று தைத்து அணிந்து அதே மாநாட்டுக்கு வந்திருந்தார். முதல் ஆள் என்று அக்கர்மனைத்தான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.

மார்புப் பகுதியில் வேறொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. விளையாட்டுகளில் பெண் வீரர்களுக்கு வரையும் மார்புக்கவசங்களில் இரண்டு கிண்ணங்கள் தனித்தனியாகத் துருத்தி, நடுவே பள்ளம் விழுந்திருக்கும். நிஜக் கவசம் அப்படி இருந்தால் அணிபவருக்கு ஆபத்து. வாளோ ஈட்டியோ வழுக்கி வெளியே விலகாமல் பள்ளத்தில் சறுக்கி நேரே நெஞ்செலும்புக்கு வரும். ஆண்களின் பழைய மார்புக்கவசங்கள் நடுவில் புடைத்துப் பக்கவாட்டில் சரிவது இதனால்தான். வரைந்தவர் பார்வைக்கு வரைந்திருக்கிறார், அணிபவளுக்கு வரையவில்லை. இதைப் படத்தில் பார்க்கிறவள் ரசித்துவிட்டோ எரிச்சல்பட்டோ போய்விடலாம். கத்தியைக் கையில் வைத்திருப்பவள் வெட்டுவதா வேண்டாமா என்று தீர்மானித்தாக வேண்டும். யாருக்கு உண்மையாக இருப்பது, மூலச் சித்திரத்துக்கா தன் உடம்புக்கா? மாணவி கிண்ணங்களை விட்டுவிட்டு ஒரே புடைப்பாக வளைத்தாள்.

பெண்ணின் நெஞ்சை எது, எப்படி மூட வேண்டும் என்று அரசாங்கமே அறிவிப்புப் போட்ட வரலாறு நம்முடையது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்றது. முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டலாம், வேறு எப்படியும் மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. மூடுகிற உரிமையைக் கொடுத்துவிட்டு, மூடும் வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டது அரசு. அந்தப் பெண்கள் பல ஆண்டுகள் அடிபட்டு வாங்கியதோடு ஒரு விளையாட்டு உடையை நான் சமமாக வைக்கவில்லை. வடிவம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அங்கிருந்து இங்கே வருகிறது.

“இத்தப் போட்டா இன்னாத்த தடுக்கும்?” என்று அம்மா ஒருநாள் கேட்டிருக்கிறார். “ஒண்ணுத்தயும் தடுக்காதும்மா” என்று மகள் சொல்லியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டது வேறு மாதிரி: பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேஷம்? வேஷம் என்ற சொல் நம் வாயில் வசவு. கூத்துக் கலைஞர்களுக்கு அது தொழிலின் பெயர். கட்டைக்கூத்தில் முடியும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாக மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த அணிகளைக் கட்டிக்கொண்டு அர்ச்சுனனும் துரியோதனனும் விடிய விடிய ஆடுவார்கள். அந்தக் கட்டையால்தான் அந்தப் பெயரே. பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டினார்கள். பெ. ராஜகோபால் முதலியோர் காஞ்சிபுரம் பக்கம் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சேர்ந்து கற்று அந்தக் கட்டைகளைக் கட்டி ஆடினார்கள். அவர்கள் புஜக்கட்டையும் எந்த அம்பையும் தடுக்காது. வீரனாக மேடையில் நிற்க ஓர் உடம்புக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த இடத்தை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பேருந்தில் முழங்கையை ஒடுக்கி, பையை நெஞ்சோடு அணைத்து, இருக்கையின் ஓரத்தில் உட்காரப் பழகிய ஒருத்திக்கு அது சின்ன விஷயம் இல்லை. தோளணி போட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நேராக நுழைய முடியவில்லை, பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டியிருந்தது. அதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

பசை வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும். நெடுநாள் சுவாசித்தால் நரம்பைப் பாதிக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது, கரைப்பான் ஆவியை ஈர்க்கும் வடிகட்டி வைத்தது வேண்டும். எர்ணாவூரில் ஜன்னலைத் திறந்து வை என்றால் எந்தக் காற்றுக்குத் திறப்பது? ஒரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி, இன்னொரு பக்கம் எண்ணூர், மணலி ஆலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி, சுனாமி நினைவுநாளின் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாயில் துணியை வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நுரையில் கவசம் செய்வது வீண் இல்லையா என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்தக் கையை வைத்து நல்ல முகக்கவசம் தைத்துக் கொடுக்கலாமே என்றார். இந்தக் கேள்வி எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. அண்ணா நகரில் ஒரு பையன் இதைச் செய்தால் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுவார்கள். எர்ணாவூர்ப் பெண் செய்தால் அதற்கு ஒரு சமூகப் பயன் காட்ட வேண்டும். ஏழைப் பெண்ணின் சமையல் பயன், தையல் பயன், படிப்பு பயன், அவள் கோபம்கூடப் போராட்டத்துக்குப் பயன். ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை ஆசையாகச் செய்ய அவளுக்கு மட்டும் அனுமதி இல்லை.

ஆனால் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. காப்பு தேவைப்படுகிற இடத்தில் பொய்க் காப்பு செய்வது என்ன அறம்? எனக்குத் தோன்றுவது இதுதான். நிஜக் காப்பைத் தனி உடம்பின் பொறுப்பாக ஆக்கியதில்தான் தவறு தொடங்குகிறது. பெண்களுக்கு இது பழகிய பாடம். இருட்டுவதற்குள் வா, துப்பட்டாவைச் சரிசெய், மிளகாய்ப்பொடி வைத்துக்கொள், கராத்தே கற்றுக்கொள். ஒவ்வொருத்தியும் தன்னைத்தானே கவசமாக்கிக்கொண்டால் தெருவைத் திருத்த வேண்டியதில்லை. அதே தர்க்கத்தில் எர்ணாவூருக்கு ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்துவிட்டால் குழாயைச் சோதிக்க வேண்டியதில்லை.

சங்கப் பாடல்களில் கவசத்துக்கு மெய்ம்மறை என்று ஒரு சொல் உண்டு. பதிற்றுப்பத்து சேர மன்னனையே அவன் வீரர்களின் மெய்ம்மறை என்கிறது. அது போர்ப்புகழ்ச்சி, அந்த வீரர்களுக்குள் பெண்கள் இல்லை, தெரியும். இருந்தாலும் காப்பு உடம்புக்கு வெளியே, ஆள்பவரிடம் இருக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தை அந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படியே உடம்பில் அணிந்துதான் ஆக வேண்டிய காப்பு என்றால், அதையும் நிறுவனம்தான் அவள் அளவுக்குச் செய்து வைத்திருக்க வேண்டும். 2019 மார்ச்சில் பெண்கள் இருவர் மட்டுமே செல்லும் முதல் விண்நடையை நாசா அறிவித்தது. ஆன் மெக்லெய்ன், கிறிஸ்டினா கோக் இருவருக்கும் பொருந்துவது நடுத்தர அளவு மேலுடல் பகுதி. அணியத் தயாராக இருந்ததோ ஒன்றுதான். மெக்லெய்னுக்குப் பதில் ஓர் ஆண் போனார். கோக்கும் ஜெசிகா மீரும் சேர்ந்து வெளியே நடக்க அக்டோபர் 18 வரை ஆனது. உயிர் போகிற கவசத்தில் அளவு தவறியது நிறுவனத்திடம். மொட்டைமாடி நுரைக்கவசம் முதல் தடவையிலேயே பொருந்திவிட்டது.

அதனால் அவள் கவசம் எதையும் தடுக்காமல் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. அவளைத் துணிச்சலான பெண் என்று யாராவது பாராட்டினால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும். துணிச்சல் இங்கே பேச்சே இல்லை. ஆசை இருந்தது, அம்மாவுக்கு வெட்டத் தெரிந்திருந்தது.

முடிந்தபின்னும் இரண்டு சிக்கல் மிச்சம். சென்னையில் காமிக் கான் 2024 பிப்ரவரியில் முதல்முறையாக நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அடுத்து வருவதற்குப் போவதாகத் திட்டம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஆலந்தூரில் இறங்கலாம். கவசத்தை இரண்டு அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனால் சோதனை எந்திரத்துக்குள் தோளணி நுழையாது, ஆகவே அதை இரண்டாக வெட்டிக் காந்தம் வைத்து ஒட்டும்படி மாற்றினாள். இன்னொன்று, உட்காருவது. யூடியூப் கவசங்கள் நிற்பதற்கும் படம் எடுப்பதற்குமே செய்யப்பட்டவை. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை போட வேண்டும் என்று 2021-இல்தான் இந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. நின்றுகொண்டே இருப்பதை வீரமாக நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. இடுப்புக்குக் கீழே தொடைப்பகுதியைத் தனித்துண்டாக்கி, ஸ்கூல் பை கிளிப்புகளை வைத்துத் தைத்திருக்கிறார் அம்மா. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் யாரையும் கூப்பிடாமல் அவளே நான்கு கிளிப்பைக் கழற்றலாம். தண்ணீர் குடிக்காமல் ஒருநாள் முழுக்க இருக்க வேண்டியதில்லை.